எல்லா மேசையிலும் பத்து ஓம்

என் அண்ணி யாரையும் மன்னித்து நான் பார்த்ததில்லை. அவள் கல்யாணத்தன்று என் பெரியம்மா, "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மிதான்" என்று யாரிடமோ முணுமுணுத்தது அவள் காதில் விழுந்துவிட்டது. இருபது வருடம் கழித்து, பெரியம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்த அன்று, முதல் ஆளாகக் கட்டில் பக்கத்தில் போய் நின்று, "இப்ப எப்படி இருக்கேன் அத்தை, நல்லா பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டாள். அப்படிப்பட்டவள், 'பென்சில்' என்று நாங்கள் சொல்லும் ஆளை ஆறு வருடம் சும்மா விட்டுவைத்திருந்தாள் என்றால் அது மறதியால் அல்ல. சமயம் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடவே நானும்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் ஆய்வக உதவியாளர்கள். அவள் இயற்பியல், நான் வேதியியல். நடுவில் ஒரு சுவர், அதில் ஒரு கதவு. மாணவர்களுக்கு இருவருமே 'லேப் அக்கா'தான். கம்பி எடுத்துக் கொடுப்பவள் அவள், குடுவை கழுவுபவள் நான் என்பதோடு அவர்கள் ஆராய்ச்சி முடிந்துவிடும். பென்சில் என்பது இயற்பியல் துறைத் தலைவர். காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். விடை சரியென்றால் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு. தப்பென்றால் பக்கம் முழுக்கக் குறுக்கே ஒரு கோடு, தாள் கிழிகிற அழுத்தத்தில்.

அந்த ஆய்வகத்தில் காலங்காலமாக நடக்கிற சோதனை ஒன்று உண்டு. ஒரு கம்பிச்சுருள் கொடுப்பார்கள். அதற்குக் குறுக்கே வோல்ட்மீட்டர், வரிசையில் அம்மீட்டர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் சுருளின் மின்தடை. எல்லாச் சுருளும் பத்து ஓம்தான்; கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று வாங்கியவை. ஆனால் மீட்டர்கள் எங்களைவிடப் பழசு. உள்ளே இருக்கும் காந்தம் தளர்ந்துபோன மீட்டரில் ஊசி முழுதாக ஏறாது. யாரோ அவசரத்தில் பழுதுபார்த்த சில மீட்டர்களில் தேவைக்கு மேல் ஏறும். அதனால் ஒரே மாதிரிச் சுருளுக்கு ஒரு மேசையில் எட்டரை ஓம் வரும், பக்கத்து மேசையில் பதினொன்றரையைத் தாண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர் இதைப் பார்த்து மாணவர்கள் எதிரிலேயே சிரித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பென்சில் அண்ணியைக் கூப்பிட்டார். "புது மீட்டர் கேட்டா வராது. இருக்கறத வெச்சு எல்லா மேசையிலயும் சரியான விடை வரணும். ஏதாவது பண்ணு. எப்படிப் பண்ணேன்னு எங்கிட்ட சொல்லாத."

விடுமுறை விட்டதும் அண்ணி அதைச் செய்து முடித்தாள். பதினான்கு வோல்ட்மீட்டர், பதினாறு அம்மீட்டர். ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் சேர்த்துப் பார்த்தாள். எந்த இரண்டு சேர்ந்தால் பத்து வருகிறதோ அந்த இரண்டுக்கும் அடிப்பாகத்தில் ஒரே நிறத்தில் நகப்பூச்சுப் பொட்டு. பூச்சு வாங்கிக் கொடுத்தது நான். பொருத்தம் பார்த்துக் கல்யாணம் பண்ணிவைத்த மாதிரி ஆறு மேசைக்கு ஆறு ஜோடி. கல்லூரி திறந்த அன்று பென்சில் ஒரு மீட்டரைத் தலைகீழாகத் திருப்பினார், பொட்டைப் பார்த்தார், அதன் ஜோடியையும் திருப்பிப் பார்த்தார். சிரித்தார். "புத்திசாலி. இது நமக்குள்ளேயே இருக்கட்டும்" என்றார். நான் கதவருகில்தான் நின்றிருந்தேன். ஆகவே அவருக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதற்குப் பிறகு அந்த ஆய்வகத்தில் யார் எதைத் தொட்டாலும் பத்து. அவருக்கு எங்கு பார்த்தாலும் பாராட்டு. அண்ணியின் மகளும் அதே கல்லூரியில் சேர்ந்தாள். வகுப்பில் முதலாவது. இரண்டாவதாக வந்துகொண்டிருந்தவன் பென்சிலின் மச்சினர் மகன். முதலிடத்தில் முடிப்பவருக்குப் பொறியியல் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் இடம் உண்டு. ஒரே ஒரு இடம்.

செய்முறைத் தேர்வில் அவளுக்குச் சீட்டில் விழுந்தது மூன்றாம் மேசை. குழந்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஊசிக்கு நேர் மேலே தலையை வைத்து, மின்னோட்டத்தை ஆறு தடவை மாற்றி ஆறு அளவு எடுத்தாள். வகுத்தாள். ஆறும் பத்து. பென்சில் தாளைக் கையில் எடுத்து, அறை முழுக்கக் கேட்கிற குரலில் ஆரம்பித்தார்.

"ஆறு ரீடிங், ஆறும் பத்தா? இயற்கையில இப்படி வராதும்மா. யாரு சொல்லிக் குடுத்தது? உங்கம்மாவா?"

"இல்ல சார். ஊசி அங்கதான் நின்னுச்சு. நான் பாத்துதான் எழுதுனேன்."

"அம்மா லேப்ல இருந்தா விடை வீட்டுலேயே கெடைக்குமே. அப்புறம் ஊசிய எதுக்குப் பாக்கணும்?"

பக்கத்து மேசைக்காரனுக்கும் பத்துதான் வந்திருந்தது. அவனை யாரும் கேட்கவில்லை. மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அண்ணி மின்பலகைக்குப் பக்கத்தில், கையில் இரண்டு கம்பியோடு, நாலு எட்டு தள்ளி நின்றிருந்தாள். ஒரு எட்டு முன்னால் வைத்தாள். நான் உள்ளே நுழைந்து அவள் கையைப் பிடித்து என் பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

"வாய மூடிட்டு இருங்க அண்ணி. சொன்னீங்கன்னா மீட்டர்ல கை வெச்சது நீங்கதான்னு ஆயிடும். அந்தாளு எனக்குத் தெரியாதுன்னு கைய விரிச்சுடுவான். உங்க வேலையும் போச்சுன்னா அண்ணன யாரு பாக்கறது?"

அண்ணன் அந்த வருடம் சாரத்திலிருந்து விழுந்து முதுகு ஒடிந்து படுக்கையில் கிடந்தான். புரட்டிப் படுக்கவைக்கவே இரண்டு பேர் வேண்டும். அண்ணி வேலையை விட்டிருந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. அவள் வாயை மூடிக்கொண்டாள். மகளுக்குச் செய்முறையில் சைபர், கூடவே 'காப்பி' என்று சிவப்பில் ஒரு குறிப்பு. அந்த இடம் மச்சினர் மகனுக்குப் போனது. மகள் அதோடு கல்லூரிப் பக்கமே வரவில்லை. தூரத்து நகரத்தில் ஒரு கைபேசிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வாரம் ஒரு தடவை பேசுவாள். அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பாள். "சரி, வெக்கட்டுமா" என்பாள். பொட்டு விஷயம் அவளுக்குத் தெரியாது. பழி தீர்த்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அண்ணி வைத்திருந்தாள்.

பெரிதாக ஒன்றும் கிடைக்காத வருடங்களில் சின்னச் சின்னதாக வாங்கினோம். பென்சில் நாற்காலியின் ஒரு காலுக்கு அடியிலிருந்த ரப்பரை அண்ணி கழற்றிவிட்டாள். அந்த மனிதர் ஆடிக்கொண்டே உட்கார்ந்து ஆடிக்கொண்டே எழுந்தார். தேநீரை ஆடை படிந்து ஆறிய பிறகுதான் கொண்டுபோவாள். என் பங்குக்கு, அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரமாகப் பார்த்து நான் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற வாயுவைத் தயாரித்து ஜன்னலைத் திறந்துவிடுவேன். பாடத்திட்டத்தில் இருக்கிறது, யாரும் கேட்க முடியாது. இதெல்லாம் வயிற்றெரிச்சலுக்குக் கொஞ்சம் தண்ணீர் தெளித்தது, அவ்வளவுதான்.

பிறகு ஸ்டோருக்குப் புதிதாக ஒரு வாட்மீட்டர் வந்தது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருகிற மின்திறனை, அந்த வாட்டை, முள்ளிலேயே காட்டுகிற கருவி. சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அண்ணி அதை மூன்றாம் மேசையில் மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கதவைத் திறந்துகொண்டு என் பக்கம் வந்தாள். என் மேசையிலிருந்த குடுவைகளைக் கையால் ஒதுக்கிவிட்டுச் சாக்பீஸை எடுத்தாள்.

"இங்க பாரு. மூணாம் மேசையில வோல்ட் பதினெட்டு, ஆம்பியர் ஒண்ணு புள்ளி எட்டு. வகுத்தா?"

"பத்து."

"பெருக்குனா?"

நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவள் எழுதிவிட்டாள். முப்பத்திரண்டு புள்ளி நாலு. "ஆனா வாட்மீட்டரு நாப்பது காட்டுது. புதுசுதான் கோளாறுன்னு நெனச்சேன். அஞ்சாம் மேசையில மாட்டுனேன். அங்க வோல்ட் இருபத்தொண்ணு, ஆம்பியர் ரெண்டு புள்ளி ஒண்ணு. வகுத்தா அதே பத்து. பெருக்குனா நாப்பத்தி நாலு புள்ளி ஒண்ணு. வாட்மீட்டரு மறுபடியும் நாப்பது. ரெண்டு மேசைக்கும் உண்மையில போறது இருபது வோல்ட்டு, ரெண்டு ஆம்பியர்டி."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. மூன்றாம் மேசையில் இரண்டு மீட்டரும் பத்தில் ஒரு பங்கு குறைத்துச் சொல்கின்றன. ஐந்தாம் மேசையில் இரண்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்கின்றன. ஒரே அளவில் பொய் சொல்கிற இரண்டு பேரை எதிரெதிராக நிறுத்தி ஒப்பிட்டால் பொய் தெரியாது. அதனால்தான் மின்தடை எப்போதும் பத்து.

"வகுக்கும்போது ஒண்ண ஒண்ணு காப்பாத்திக்குது. பெருக்கும்போது ரெண்டும் சேர்ந்து மாட்டிக்குது" என்றாள் அண்ணி. ஆறு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. "அந்த லேப்ல இத்தன வருஷமா மின்தடை மட்டும்தான் கேக்கறாங்க. ஒரே ஒரு நாள், பெரிய மனுஷங்க முன்னால, மின்திறன் கேக்கணும்."

அந்த நாள் தானாகவே வந்தது. பென்சில் கல்லூரி முதல்வர் ஆகப்போகிறார் என்று பேச்சு. அதற்கு முன்னால் வெளியிலிருந்து மதிப்பீட்டுக் குழு ஒன்று வரும், ஆய்வகங்களைப் பார்க்கும். தன் துறையைப் பற்றிப் பென்சில் தானே ஓர் அறிக்கை எழுதி அச்சடித்து வைத்தார். அலுவலகத்தில் வேலை பார்க்கிற பெண் எங்களுக்கு ஒரு பிரதி கொடுத்தாள். அதில் ஒரு வரியில் அண்ணி விரலை வைத்து நிறுத்திக்கொண்டாள்: 'அளவுக் கருவிகள் அனைத்தையும் நானே நேரில் சோதித்து, தேர்ந்தெடுத்து, இணைத்துள்ளேன். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிழை விகிதம் பூஜ்யம்.'

"தானே வந்து தலைய நீட்டுறான்" என்றாள்.

"அண்ணி, இதுல நீங்களும் மாட்டுவீங்க."

"மாட்டட்டும். உங்கண்ணன் இப்ப எழுந்து வேலைக்குப் போறாரில்ல. எனக்கு இனிமே என்ன பயம்?"

குழு வந்த அன்று அண்ணி மீட்டர் எதையும் மாற்றவில்லை. எல்லா ஜோடியும் வழக்கம்போல அதனதன் மேசையில். அன்றன்றைய சோதனையின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது அவள் வேலை. 'மின்தடை காணல்' என்று எப்போதும் எழுதுகிற இடத்தில் 'மின்தடையும் மின்திறனும் காணல்' என்று எழுதினாள். வாட்மீட்டரைத் துடைத்து, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி முன்மேசையில் வைத்தாள். செய்தது அவ்வளவுதான். பென்சில் பலகையைப் பார்க்கவே இல்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழுவின் தலைவி ஐம்பது வயதுப் பேராசிரியை. நடந்து நடந்து களைத்திருந்தார். அறிக்கை கையில் இருந்தது. மாணவர்கள் மேசை மேசையாக வகுத்துச் சொன்னார்கள்: பத்து, பத்து, பத்து. பென்சில் முகத்தில் பல்பு எரிந்தது. தலைவி போகத் திரும்பியவர் பலகையைப் பார்த்து நின்றார்.

"பவரும் உண்டா? சரி, அதையும் சொல்லுங்க பாக்கலாம்."

மூன்றாம் மேசைப் பையன் முப்பத்திரண்டு புள்ளி நாலு என்றான். ஐந்தாம் மேசைப் பெண் நாற்பத்து நாலு புள்ளி ஒன்று என்றாள். தலைவியின் களைப்பு போய்விட்டது. "ஒரே சப்ளை, ஒரே சுருள், ரெசிஸ்டன்ஸ் ரெண்டுலயும் பத்து. பவர் மட்டும் எப்படி வேற வேற?" என்று கேட்டுக்கொண்டே வாட்மீட்டரைப் பார்த்தார். "இத மாட்டுங்க." அண்ணி மாட்டினாள். நாற்பது. அடுத்த மேசையிலும் நாற்பது. தலைவி மீட்டர்களைத் திருப்பினார். பச்சைப் பொட்டுக்குப் பச்சைப் பொட்டு, ஊதாவுக்கு ஊதா. சிரித்தார். அந்தச் சிரிப்பில் இரக்கம் இல்லை.

"யாரு இந்த ஜோடி சேத்தது?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். அட்டெண்டர் ஏதோ பண்ணியிருக்காங்க" என்றார் பென்சில்.

தலைவி அறிக்கையைப் புரட்டி அந்த வரியைச் சத்தமாக வாசித்தார். நானே நேரில் சோதித்து, தேர்ந்தெடுத்து, இணைத்துள்ளேன். பென்சில் முகத்தில் ஈயாடவில்லை. நடுக்கதவில் சாய்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தைப் பார்க்கிறதற்காக இன்னும் ஆறு வருடம் வேண்டுமானாலும் குடுவை கழுவியிருப்பேன்.

அண்ணி முன்னால் வந்தாள். குரலை உயர்த்தவில்லை. "சேத்தது நான்தான் மேடம். சேக்கச் சொன்னது சார். இந்த மேசையில யாரு வந்து கம்பிய மாட்டினாலும் பத்துதான் வரும். சாருக்கு அது மொத நாள்லேருந்தே தெரியும். சாருகிட்ட எனக்கு ஒரே ஒரு கேள்விதான். ஆறு வருஷம் முன்னால இதே மூணாம் மேசையில பத்து வந்ததுக்காக ஒரு பொண்ணுக்கு சைபர் போட்டு, காப்பின்னு எழுதுனீங்களே. காப்பி அடிச்சது பொண்ணா சார், மீட்டரா?"

பொட்டு தெரியும் என்றால் பெண் யோக்கியமானவள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாது என்றால் அறிக்கை பொய். அந்த மனிதர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். தப்பிக்கிற வழியெல்லாம் அவர் கையெழுத்திலேயே அடைபட்டிருந்தது.

"அந்தப் பொண்ணு காப்பி அடிக்கல" என்றார் கடைசியில்.

"சத்தமா சார். அன்னிக்கு எவ்வளவு சத்தமா சொன்னீங்களோ, அவ்வளவு சத்தமா."

சொன்னார். எழுதிக் கொடுக்கச் சொன்னார் தலைவி. எழுதினார், கையெழுத்துப் போட்டார். முதல்வர் பதவி அன்றைக்கே அவர் கையை விட்டுப் போயிற்று. அண்ணிக்கும் ஒரு மாதத் தற்காலிகப் பணிநீக்கம். அவள் அந்த உத்தரவைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

என் ஆய்வகத்துக்கு வந்து, முக்காலியில் உட்கார்ந்து, மகளுக்குப் போன் போட்டாள். நானும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் வைத்தாள். பென்சில் எழுதிய தாளை ஒரு சொல் விடாமல் வாசித்தாள். மீட்டர்கள் பிழைக்குப் பிழை பொருந்துமாறு முன்பே ஜோடி சேர்க்கப்பட்டிருந்தன, ஆகவே எந்த மாணவர் செய்தாலும் பத்து ஓம் கிடைக்கும், மாணவியின் அளவீடுகள் நேர்மையானவை. வாசித்து முடித்ததும் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"கேட்டியா கண்ணு? அவன் வாயாலயே சொல்ல வெச்சுட்டேன். எல்லார் முன்னாலயும்."

அந்தப் பக்கம் கடையில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு மகள் கேட்டாள்.

"ஜோடி சேத்தது யாரும்மா?"

"நான்தான். அவன் சொல்லி."

"எப்ப?"

"அதுக்கு ஆறு வருஷம் முன்னால."

"அப்ப அன்னிக்கு உனக்குத் தெரியும்." கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் அடுத்த வரியை எழுதுகிற மாதிரி சொன்னாள். "நான் உன்னத் திரும்பிப் பாத்தேனே. நீ அங்கதானேம்மா நின்னுட்டிருந்த."

அண்ணி ஒலிபெருக்கியை அணைக்கப் போய், அணைக்காமல் விரலை எடுத்துக்கொண்டாள்.

"நான் இத்தன நாளா எங்க தப்பா படிச்சேன்னு யோசிச்சுட்டிருக்கேன்மா. கண்ண சரியா வெச்சேனா, ஊசிய சரியா பாத்தேனான்னு. இன்னிக்கும் கனவுல அந்த ஊசிதான் வருது." பிறகு, "கஸ்டமர் வந்துட்டாங்க. வெக்கட்டுமா" என்று வைத்துவிட்டாள்.

அண்ணி மறுபடி போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மூன்றாம் தடவை போட்டபோது அணைத்து வைத்திருந்தாள். அன்று கையைப் பிடித்து இழுத்தவள் நான். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"எம்மேல பழியப் போடுங்க அண்ணி. நான்தான் வாய மூடச் சொன்னேன்னு அவகிட்ட சொல்லுங்க. நானே சொல்றேன், நம்பரக் குடுங்க."

அண்ணி தாளை மடித்து மேசைமேல் வைத்தாள். அதை எடுத்துக்கொள்ளவில்லை.

"மூடச் சொன்னது நீதான். வாய் என்னோடதுடி" என்றாள்.

அன்று சாயங்கால வண்டியிலேயே மகள் இருக்கும் ஊருக்குக் கிளம்பினாள். நான்தான் நிலையம் வரைக்கும் கூடப் போனேன்.